பின்னால் போகிற ஜீப்

கால்குலேட்டர் உடையவில்லை. சென்ற வாரம் சேக் பரீது அதை எறிந்த வேகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டவர்களுக்கு முதலில் அந்த நல்ல செய்தி. சுவரில் பட்டுத் தெறித்து, கடையில் விற்காமல் கிடந்த செல்போன் உறைகளின் மேல் விழுந்து பிழைத்துக்கொண்டது. இப்போது ஏழு மட்டும் சரியாக அழுந்துவதில்லை. அவர் எறிந்ததற்குக் காரணமே எழுபது என்கிற எண்தான் என்பதால், கால்குலேட்டருக்கும் ரோஷம் வந்துவிட்டது என்று அவர் மனைவி மஹ்ஜபின் சொன்னாள்.

அந்த எழுபதின் கதை இதுதான்.

கொடைக்கானல் பஜாரில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறினால் ‘பரீது செல் சென்டர்’. ரீசார்ஜ் உண்டு, ரிப்பேர் உண்டு, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதும் உண்டு. பாட்டு ஏற்றுவது மகள் ஜஹனாரா. போன வருஷம் கம்ப்யூட்டர் படிப்பை முடித்தவள். மழையும் பனியுமாக ஆள் வராத மத்தியானங்களில் அவள் சும்மா இருக்கவில்லை. செல்போனில் விளையாட ஒரு விளையாட்டு எழுதினாள்.

ஒரு பச்சை ஜீப். அது தாண்டிக்குடியிலிருந்து கீழே இறங்க வேண்டும். வழியில் பனி, காட்டுமாடு, நடுரோட்டில் நின்று போட்டோ எடுக்கும் புதுமணத் தம்பதி. எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். ஆனால் எதிரே பாரம் ஏற்றிய வண்டி மேலே ஏறி வந்தால், இறங்குகிற ஜீப் அப்படியே பின்னால் போய், அகலமான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். மலையில் ஸ்டியரிங் பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஒதுங்காமல் நின்றால் எதிர் வண்டி டிரைவர் தலையை நீட்டித் திட்டுவார்.

“ஏலே! கண்ணு எங்கடா கெடக்கு? பின்னால எடு!”

அது கிளாவரை ஊருக்கு ஜீப் ஓட்டுகிற வேலுச்சாமியின் சொந்தக் குரல். ஜஹனாரா அதைப் பதிவு செய்யக் கேட்டபோது மனிதர் கூச்சப்பட்டு, “பொம்பளப் பிள்ள முன்னால எப்படித்தா திட்டுறது?” என்றார். பிறகு எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது. கூச்சம் போய்விட்டது.

விளையாட்டை ஜஹனாரா முதலில் ஏற்றியது அத்தா சேக் பரீதின் போனில். அங்கிருந்து ப்ளூடூத்தில் டீக்கடைக்குப் போனது. டீக்கடையிலிருந்து ஜீப் ஸ்டாண்டு, ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஊர் ஊராக மலை முழுக்க. ப்ளூடூத் தெரியாதவர்களுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு சேக் பரீது ஏற்றிவிட்டார்.

அண்ணன் ரஷாத் மட்டும் பெரிதாக யோசித்தான். அவன் அதை ‘மின்மினி செல்’ கம்பெனிக்கு அனுப்பினான். அவர்களிடம் ‘மின்மினி அங்காடி’ என்று ஒன்று இருக்கிறது. போனிலேயே பட்டனை அமுக்கினால் கடை திறக்கும். பாட்டு, படம், விளையாட்டு எது வேண்டுமோ அங்கே காசு கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். கம்பெனி பதில் எழுதியது. எடுத்துக்கொள்கிறோம், இருபதாயிரம் முன்பணம் தருகிறோம். ஆனால் விற்கிற ஒவ்வொரு ரூபாயிலும் எழுபது காசு எங்களுக்கு, முப்பது காசு உங்களுக்கு. ஜீப் பின்னால் போகக் கூடாது. அது ஒரு கோளாறு என்று சென்னையில் விளையாடிப் பார்த்த அதிகாரிகள் கருதுகிறார்கள். எங்கள் அங்காடியைத் தவிர வேறெங்கும் இந்த விளையாட்டு இருக்கக் கூடாது. ஏற்கனவே யார் போனிலாவது இருந்தால் அழிக்கப்பட வேண்டும்.

கால்குலேட்டர் பறந்தது அப்போதுதான்.

இன்று நாலு மணிக்கு மின்மினியின் மதுரை ஆள் தனசேகர் கையெழுத்து வாங்க வருகிறார். எழுதியவள் ஜஹனாரா என்பதால் கையெழுத்தும் அவளுடையதுதான்.

*

காலையில் கடையைத் திறந்ததும் ஜஹனாரா செய்கிற முதல் வேலை, கம்ப்யூட்டர் திரைக்குப் போட்டிருக்கும் அம்மாவின் பழைய ஸ்வெட்டரைக் கழற்றுவது. குளிரில் அந்தத் திரைக்கு உயிர் வர நேரமாகும். உயிர் வந்த பிறகும் மண்டையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். திரையின் ஓரத்தில், பேப்பரிலிருந்து வெட்டிய ஒரு லேப்டாப் விளம்பரத்தை ஒட்டி வைத்திருந்தாள். பழைய கம்ப்யூட்டர் அதைப் பார்த்து பயந்தாவது ஒழுங்காக ஓடட்டும் என்பது ரஷாத்தின் கருத்து.

“கையெழுத்துப் போட்டா லேப்டாப்,” என்றான் ரஷாத். “போடலேன்னா ஆயுசுக்கும் இதுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டே கெட.”

“எழுபது காசு!” என்றார் சேக் பரீது. ஒரு வாரமாக அவர் வேறு எதுவும் பேசவில்லை. “உக்காந்த எடத்துல எழுபது காசு! எம்மக மண்டைய ஒடச்சுச் செஞ்சதுல அவனுக்கு எழுபதா?”

மஹ்ஜபின் டிபன் பாத்திரத்தை மேஜை மேல் வைத்தாள். “ஏங்க, நீங்க ஒரு போனுக்கு ஏத்திவிட பத்து ரூபா வாங்குறீங்களே. அதுல இவளுக்கு என்ன குடுத்தீங்க?”

“வீட்டுப் பிள்ளைக்கு என்னடி கணக்கு?”

“சரி. அப்ப அவன் எழுபது, நீங்க நூறு.”

சேக் பரீதின் கை தன்னையறியாமல் கால்குலேட்டரைத் தேடியது. மஹ்ஜபின் அதை ஏற்கனவே மேஜைக்கு அடியில் வைத்துவிட்டிருந்தாள்.

“நீ என்னதான் சொல்ற?” என்று ரஷாத் தங்கையிடம் திரும்பினான்.

“எனக்கு லேப்டாப் வேணும்,” என்றாள் ஜஹனாரா. “ஆனா ஜீப் பின்னால போகணும்.”

“ரெண்டும் எப்படிக் கெடைக்கும்?”

அவள் அதையும் முயன்று பார்த்துவிட்டாள். முந்தின நாள் பின்னால் போவதை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினாள். எதிரே பஸ் வந்தது. ஒதுங்க வழி இல்லாத ஜீப் பஸ்ஸுக்குள்ளேயே புகுந்து மறுபக்கமாக வெளியே வந்தது. பஸ்ஸில் இருந்தவர்களை நினைத்து அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. திரும்பப் பழையபடி வைத்துவிட்டாள்.

“அத்தா, எறங்குற வண்டி ஒதுங்கலேன்னா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? ரெண்டு பேரும் பொழுதுக்கும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும்.”

“அப்படி நிக்கிற கேம எவன் விளையாடுவான்?”

ரஷாத்துக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. “நீ யோசிச்சுக்கிட்டே இரு. நான் போயி எல்லார் போன்லயும் இருக்கறத அழிச்சுட்டு வர்றேன். வெள்ளனே போனாத்தான் ஜீப்புக கெளம்புறதுக்கு முந்திப் பிடிக்க முடியும்.”

“மலை முழுக்க எப்படிடா அழிப்ப?” என்றாள் மஹ்ஜபின்.

“ஒவ்வொண்ணா,” என்று சொல்லிக்கொண்டே அவன் படி இறங்கினான்.

*

ஜீப் ஸ்டாண்டில் பனி தரையோடு படுத்திருந்தது. டிரைவர்கள் பானட்டில் சாய்ந்து ஆளுக்கொரு போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் போனிலிருந்தும் மாற்றி மாற்றி வேலுச்சாமி திட்டிக்கொண்டிருந்தார். அசல் வேலுச்சாமி நடுவில் நின்று, புகழ் பெற்றவர்களுக்கே உரிய அடக்கத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, போனைக் குடுங்க. அந்தக் கேம அழிக்கணும்.”

“எதுக்குடா?”

“கம்பெனிக்காரன் கேக்குறான்.”

“கம்பெனிக்காரன் கேட்டா அவன் போன்ல அழிக்கட்டும். எங்கொரல எம்போன்ல இருந்து அழிக்க நீ யாருடா?”

எல்லோரும் சிரித்தார்கள். ரஷாத்துக்குக் காது சூடாகியது. அந்தச் சூட்டில்தான் இந்த நாளின் பெரிய தப்பை அவன் செய்தான்.

“அதுல வைரஸ் இருக்குண்ணே. பேட்டரி வெடிச்சிரும்.”

சிரிப்பு நின்றது. வேலுச்சாமி தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வைத்திருந்தது இதயத்துக்கு நேரே. இரண்டு விரலால் அதைப் பிடித்து, செத்த எலியைக் கொடுப்பது போல நீட்டினார். “வெரசா அழிச்சுத் தொலைடா.”

மற்றவர்களும் நீட்டினார்கள். ரஷாத் வரிசையாக அழித்தான். பொய் இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்திருக்கலாம் என்று தோன்றியது. வேலுச்சாமி ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு பீன்ஸ் ஏற்றப் பேத்துப்பாறைக்குப் போனார். ரஷாத் மூஞ்சிக்கல் பக்கம் நடந்தான். வழியில் பழக்கடை, கம்பளிக்கடை, பேக்கரி என்று எதையும் விடவில்லை.

அவன் நடந்தான். அவன் சொன்ன செய்தி ஓடியது.

*

முதலில் கடைக்கு வந்தவர் பேக்கரிக்காரர். “பாய், பத்து ரூபா வாங்கிட்டு வைரஸா ஏத்திவிட்டீங்க?”

அடுத்து வந்தவர் போனை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கையை நீட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது ஆள் வெடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் படியிலிருந்து பக்கத்துத் துணிக்கடை வரை வரிசை நின்றது.

சேக் பரீது இந்த பஜாரில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். டேப் ரிக்கார்டர் ரிப்பேரில் ஆரம்பித்தவர். அவர் கொடுத்த சாமான் சரியில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

“யாருய்யா சொன்னது வைரஸ்னு?”

“உங்க மவன்தான்!”

அவர் மஹ்ஜபினைப் பார்த்தார். மஹ்ஜபின் ஜஹனாராவைப் பார்த்தாள். ஜஹனாரா பழைய கம்ப்யூட்டரின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அடுத்து அவர் செய்தது மகன் செய்ததைவிடப் பெரிய தப்பு. வாசல் படியில் ஏறி நின்று, பஜாருக்கே கேட்கும்படி கத்தினார்.

“வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! மதுரைக் கம்பெனிக்காரன் கார் வச்சுக்கிட்டு வாங்க வர்ற கேமுய்யா இது! இன்னைக்கு நாலு மணிக்கு வர்றான்! அப்புறம் காசு குடுத்தாத்தான் கெடைக்கும்!”

வாளிக்காரர் மெல்ல வாளியிலிருந்து போனை எடுத்துத் துடைத்தார். “அழிச்சுட்டேனே. யாருகிட்டப்பா இருக்கு?”

“எங்கிட்ட இருக்கு. ப்ளூடூத்தைப் போடு,” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

அடுத்த அரை மணி நேரம் பரீது செல் சென்டர் வாசலில் திருவிழா மாதிரி இருந்தது. அழித்தவர்கள் திரும்ப வாங்கினார்கள். இதுவரை கேள்விப்படாதவர்கள் புதிதாக வாங்கினார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்த இரண்டு டூரிஸ்டுகள் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ரஷாத் ஊரைச் சுத்தம் செய்துவிட்ட பெருமையோடு திரும்பி வந்தபோது, காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு போன்களில் அந்த ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. கும்பலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்குள் அவன் போனிலேயே ‘பெற்றுக்கொள்ளவா?’ என்று மூன்று முறை கேட்டது.

“முடிஞ்சுதாடா சோலி?” என்றாள் மஹ்ஜபின்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

*

காத்திருந்த கூட்டம் சும்மா நிற்குமா? கல்லா மேஜையில் கண்ணாடி ஜாடியில் இருந்த ஹோம்மேட் சாக்லேட் முழுக்கக் காலியானது. அது மூக்கம்மாவின் சரக்கு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வந்தவள். வீட்டில் செய்து, மினுமினுக்கும் தாளில் சுற்றி, சேக் பரீதின் மேஜையில் வைத்து விற்கிறாள். ஆள் அனுப்பியதும் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“என்னா பாய் இவ்வளவு கூட்டம்?”

சேக் பரீதுக்குக் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. “எழுபது காசு கேக்குறான் மூக்கம்மா! ரூபாய்க்கு எழுபது! நியாயமா இது?”

“அநியாயந்தான் பாய்.”

“அப்படிச் சொல்லு!”

“நீங்க எங்கிட்ட முப்பதுதானே எடுக்குறீங்க.”

மேஜைக்கு அடியில் கால்குலேட்டர் தானாகவே ஒரு முறை ‘பீப்’ என்றது. அது மஹ்ஜபினின் கால் பட்டதால்தான். ஆனாலும் நேரம் சரியாக அமைந்தது.

“அது வேற இது வேற,” என்றார் சேக் பரீது. “கடை வாடகை யாரு குடுக்குறா? கரண்டுக்கு யாரு கட்டுறா? இங்க வச்சதாலதானே உன் சரக்கு நாலு பேரு கண்ணுல படுது?”

“நான் ஒண்ணும் சொல்லலையே,” என்று மூக்கம்மா ஜாடியை நிரப்ப ஆரம்பித்தாள். ஒவ்வொரு சாக்லேட்டையும் மினுங்குகிற பக்கம் வெளியே தெரியும்படி வைத்தாள். “நம்ம சரக்கு கடையில வைக்கிறது லேசில்லதானே.”

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மத்தியானத்துக்கு மேல் வேலுச்சாமி வந்தார். பீன்ஸ் மூட்டைகளை இறக்கிவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரோடு படியேறினார்.

“இன்னைக்கு ஒரு கூத்து பாய்! பேத்துப்பாறையில இருந்து ஃபுல் லோடோட ஏறி வர்றேன். மேல இருந்து ஒரு வெள்ளைக் கார் எறங்கி வருது. அருவி பாக்கப் போறாங்களாம். பின்னால எடுங்கிறேன், மாட்டேங்கிறான். ‘நீங்களே பின்னால போங்க’ங்கிறான். முப்பது மூட்டையோட நான் எப்படிப் பின்னால போறது? எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு எறங்கி உக்காந்துட்டேன்.”

“அப்புறம்?”

“ஒரு மணி நேரம் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னோம். கார்ல ஒரு ஆளு போனைத் தூக்கித் தூக்கிப் பாக்குறாரு, டவரே இல்ல. பாவமா இருந்துச்சு. பொழுது போகட்டுமேன்னு ப்ளூடூத்துல நம்ம கேம அனுப்பிவிட்டேன். நல்லாத்தான் விளையாண்டாரு. எங்கொரலு வந்ததும் போனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு! அப்புறம் அவரே டிரைவர்கிட்ட சொல்லிக் காரைப் பின்னால எடுத்தாரு.”

ரஷாத் தலையைத் தூக்கினான். “உங்க போன்ல காலையில நான் அழிச்சேனே?”

“அழிச்சா? போன எடத்துல இன்னொரு பயகிட்ட வாங்கிக்கிட்டேன். வெடிச்சா வெடிக்கட்டும், எங்கொரலு இல்லாம எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

மஹ்ஜபின் மட்டும் சிரிக்காமல் கேட்டாள். “அண்ணே, அந்தக் கார்க்காரரு டை கட்டியிருந்தாரா?”

“ஆமா. சிவப்பு டை. ஏன்?”

ரஷாத் மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டான்.

*

தனசேகர் வரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. டை ஈரத்தில் சுருண்டிருந்தது. படியேறி உள்ளே வந்தவர் ஸ்டூலில் இருந்த வேலுச்சாமியைப் பார்த்து நின்றார்.

“நீங்களா?”

“நாந்தான். உக்காருங்க. இங்க ஒதுங்க எடம் இருக்கு.”

மஹ்ஜபின் சுக்குக் காப்பி கொடுத்தாள். தனசேகர் நல்ல மனிதர். குடித்து முடிக்கும் வரை தொழில் பேசவில்லை. பிறகு காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தார். கூடவே ஒரு பேனா.

“எழுபது காசு,” என்று சேக் பரீது ஆரம்பித்தார்.

தனசேகர் இந்தக் கேள்விக்குப் பழக்கப்பட்டவர். “சார், எங்க பக்கத்தையும் பாக்கணும். சர்வர் வாடகை யாருங்க குடுக்குறது? கரண்டுக்கு யாருங்க கட்டுறது? எங்க அங்காடியில வச்சாத்தானே சார் உங்க சரக்கு நாலு பேரு கண்ணுல படும்?”

மூக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மஹ்ஜபின் கூரையைப் பார்த்தாள். சேக் பரீதின் முகம் டையின் நிறத்துக்கு வந்தது. தன் வாயிலிருந்து போன சொற்கள் டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“மூக்கம்மா!”

“என்னா பாய்?”

“இன்னையில இருந்து உங்கிட்ட பத்து காசுதான் எடுப்பேன். முப்பது இல்ல, பத்து.”

“நெசமாவா?”

“சேக் பரீது சொன்னா சொன்னதுதான்.” அவர் தனசேகர் பக்கம் திரும்பினார். “நான் கொறைச்சுட்டேன் தம்பி. இப்ப நீ எவ்வளவு கொறைக்கிற?”

மூக்கம்மா காலி டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். “பத்துன்னா இன்னும் ரெண்டு டின்னு வைக்கலாமே. இந்தா வந்துட்டேன்.” சேக் பரீது மனம் மாறுவதற்குள் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்பது போல அவள் படி இறங்கிய வேகம் இருந்தது.

தனசேகர் நெற்றியைத் துடைத்தார். “சார், கொறைக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. எல்லாம் சென்னையில.”

அப்போது ஜஹனாரா பேசினாள். அதுவரை அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், பேத்துப்பாறை ரோட்டுல நீங்க என்ன செஞ்சீங்க?”

தனசேகர் வேலுச்சாமியை ஓரக்கண்ணால் பார்த்தார். “நின்னோம்.”

“அப்புறம்?”

“பின்னால போனோம்.”

“என் ஜீப்பும் அதைத்தான் செய்யுது. அது கோளாறு இல்ல சார்.”

தனசேகர் சுருண்ட டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“அங்க நிக்கும்போது உங்க அங்காடியத் திறந்து பாத்தீங்களா?”

“டவர் இல்லம்மா.”

“ஆனா கேம் வந்துச்சுல்ல? ப்ளூடூத்தையும் நிறுத்தச் சொன்னா எங்க மலையில பாதிப் பேருக்கு எந்தக் கடையும் கெடையாது சார்.”

“நீங்க சொல்றது நியாயந்தான்,” என்றார் தனசேகர் மெதுவாக. “ஆனா நான் சொல்றதையும் கேளுங்க. கடைன்னு ஒண்ணு இருந்தா, யாரு செஞ்சது, எது அசல்னு ஒரு காவல் இருக்கும். இப்படிக் கைக்குக் கை போனா, நாளைக்கு எவனாவது எடுத்து ‘இது நான் செஞ்சது’ம்பான். அப்ப யாருகிட்டப் போயிக் கேப்பீங்க?”

“எங்க மலையில எவனும் அப்படிச் செய்ய மாட்டான்,” என்றார் சேக் பரீது. வேலுச்சாமி பலமாகத் தலையாட்டினார்.

ஜஹனாரா லேப்டாப் விளம்பரத்தை ஒரு முறை பார்த்தாள். அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு எந்தக் கவலையும் இல்லை. அவளுடைய திரைக்கு யாரும் ஸ்வெட்டர் மாட்ட வேண்டியதில்லை.

“ஜீப் பின்னால போகும். ப்ளூடூத்துலயும் போகும். கீழ ஊருக்காரங்களுக்கு நீங்க உங்க அங்காடியில வித்துக்கங்க, எழுபதே எடுத்துக்கங்க. இதுக்குச் சம்மதம்னா கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா வேண்டாம் சார்.”

ரஷாத் வாயைத் திறந்தான். மஹ்ஜபின் ஒரு சாக்லேட்டை உரித்து அதில் போட்டாள்.

“எழுபதேவா?” என்று சேக் பரீது முனகினார். ஆனால் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

“சென்னையில கேட்டுச் சொல்றேம்மா,” என்று தனசேகர் எழுந்தார். காகிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சாக்லேட் ஜாடிக்கு அடியில் செருகி வைத்தார். “இருக்கட்டும். மனசு மாறலாம். உங்க மனசோ, அவங்க மனசோ.”

அவர் வாசலுக்குப் போய் முதல் படியில் கால் வைத்தபோது, கீழேயிருந்து மூக்கம்மா ஏறி வந்தாள். இடுப்பில் ஒரு டின், கையில் ஒரு டின். படி ஒரு ஆள் அகலம்தான்.

உள்ளேயிருந்து வேலுச்சாமி லேசாகத் தொண்டையைச் செருமினார்.

தனசேகர் வைத்த காலை எடுத்துக்கொண்டு, திரும்பாமல், அப்படியே பின்னால் நடந்து கடைக்குள் வந்து மேஜை ஓரம் ஒதுங்கினார். மூக்கம்மா ஏறி வந்தாள். கடையே சிரித்தது. தனசேகரும் சிரித்தார். சிரித்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

“கேக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். இன்னொரு கையெழுத்தும் வேணுமே. மதன் யாரு? உங்க பங்குதாரரா?”

“எந்த மதன்?” என்றான் ரஷாத், சாக்லேட்டை விழுங்கிக்கொண்டு.

தனசேகர் தன் போனை எடுத்து விளையாட்டைத் திறந்து காட்டினார். முதல் திரை. பனி, மலை, அதற்குக் கீழே ஜஹனாரா தன் பெயரைப் படமாக வரைந்து வைத்த இடம். அந்த இடத்தில் ‘ஆக்கம்: மதன்’ என்று இருந்தது.

ஜீப்பும் சிவப்பாக மாறியிருந்தது.

சேக் பரீது போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு தூரமாக வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் மதன்தான்.

“வேலுச்சாமிண்ணே, உங்க போனைக் காட்டுங்க,” என்றாள் மஹ்ஜபின்.

அதிலும் மதன்.

“யாருகிட்ட வாங்குனீங்க?”

“பேத்துப்பாறையில மூட்டை எடை போடுற எடத்துலத்தா. அங்க பத்துப் பதினஞ்சு பேரு நின்னான். யாரு அனுப்புனான்னு நான் எங்க பாத்தேன்? எங்கொரலு இருக்கான்னுதான் பாத்தேன்.” பிறகு சங்கடமாக ரஷாத்தைப் பார்த்தார். “காலையில நீ அழிக்காம இருந்தா எங்கிட்ட அசலே இருந்திருக்கும்டா.”

வாசலில் இன்னும் கலையாமல் நின்றவர்கள் தங்கள் போனைத் திறந்தார்கள். வாளிக்காரரிடம் ஜஹனாரா. பேக்கரிக்காரரிடம் ஜஹனாரா. சற்று முன் வேலுச்சாமியிடம் வாங்கிக்கொண்ட பழக்கடைக்காரரிடம் மதன்.

“செவப்பு ஜீப்பும் நல்லாத்தான் இருக்கு,” என்றார் பழக்கடைக்காரர். மஹ்ஜபின் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“யாருடா அந்த மதன்?” என்று சேக் பரீது பஜாரைப் பார்த்துக் கத்தினார்.

தனசேகர் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. ஜாடிக்கு அடியில் இருந்த காகிதத்தை மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, ஜஹனாராவின் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

ஜஹனாரா ஒரு கையில் பேனாவை எடுத்தாள். மறு கையை அத்தாவிடம் நீட்டித் தனசேகரின் போனை வாங்கினாள். பெயரை மாற்றியவன், நிறத்தை மாற்றியவன், வேறு என்னவெல்லாம் மாற்றினானோ? அவளுக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கட்டை விரலால் விளையாட்டைத் தொடங்கினாள். சிவப்பு ஜீப் பனிக்குள் இறங்கியது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பாரம் ஏற்றிய லாரி ஏறி வந்தது. அவள் ஒதுங்கவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே நிற்க, ஜீப்பை அப்படியே நடுரோட்டில் நிறுத்தினாள்.

போன் கத்தியது.

“ஏலே! கண்ணு எங்கடா கெடக்கு? பின்னால எடு!”